டிசம்பர் 31-க்குள் எது முடிந்திருக்க வேண்டும்? அமெரிக்காவின் கெடு தீர்ந்த டாக்ஸ் கிரெடிட்டுகள்

டெக்சாஸில் ஒருவர் 2025 அக்டோபரில் கூரை சோலாருக்கு ஒப்பந்தம் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். நவம்பரிலேயே 28,000 டாலரையும் முழுதாகக் கட்டிவிட்டார். ஆட்கள் வந்து பேனல் பொருத்தி முடித்தது 2026 ஜனவரி 6. அவருக்குக் கிடைக்கும் கூட்டரசு டாக்ஸ் கிரெடிட் பூஜ்யம். பக்கத்து வீட்டுக்காரர் 2025 செப்டம்பர் 28 அன்று, தகுதியுள்ள ஒரு புதிய மின்சாரக் காருக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முன்பணம் மட்டும் கட்டினார். கார் வீடு வந்து சேர்ந்தது நவம்பரில். காருக்கான கெடு செப்டம்பர் 30. ஆனாலும் அவர் 7,500 டாலர் வரை கிரெடிட் கேட்கலாம்.

முழுப் பணம் கட்டியவருக்கு இல்லை, முன்பணம் கட்டியவருக்கு உண்டு. இந்த இரண்டு கிரெடிட்டுகளையும் முடித்துவைத்தது ஒரே சட்டம்தான்: 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட, 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' என்று பெயர்பெற்ற சட்டம். கெடு தேதியை எந்தச் செயலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். காருக்கு அது 'வாங்குவது': கட்டுப்படுத்தும் ஒப்பந்தமும் ஏதோ ஒரு தொகையும் இருந்தால் வாங்கியதாகக் கணக்கு. சோலாருக்கு அது 'பொருத்தி முடிப்பது'. பணம் எப்போது கைமாறியது என்பது அங்கே பொருட்டே இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளிக்கு அது 'வேலையைத் தொடங்குவது'. வீடு கட்டி விற்பவருக்கோ, இன்னொருவர் அந்த வீட்டை 'வாங்கிக்கொள்வது'. இந்த வினைச்சொற்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கிரெடிட் வேறு, கழிவு வேறு

கழிவு என்பது வருமானத்திலிருந்து குறையும் தொகை. கிரெடிட் என்பது கட்டவேண்டிய வரியிலிருந்தே குறையும் தொகை. 22 விழுக்காடு வரி அடுக்கில் இருப்பவருக்கு 1,000 டாலர் கழிவு கிடைத்தால் மிச்சமாவது 220 டாலர். 1,000 டாலர் கிரெடிட் கிடைத்தால் முழு ஆயிரமும் மிச்சம். இந்தியாவில் வரி கட்டிப் பழகியவர்கள் இப்படி நினைவில் வைக்கலாம்: 80சி என்று நாம் சொல்லிப் பழகியது கழிவு, 87ஏ தள்ளுபடி கிட்டத்தட்ட கிரெடிட் மாதிரி.

கிரெடிட்டிலும் இரண்டு வகை உண்டு. வரி பூஜ்யமான பிறகும் மிச்சத்தைக் கையில் தருவது ஒன்று. வரி பூஜ்யமானதும் நின்றுவிடுவது இன்னொன்று. வீட்டுக்காரர்களுக்கான எரிசக்தி கிரெடிட்டுகள் இரண்டாம் வகை. இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். "எனக்கு வருஷா வருஷம் ரீஃபண்ட்தான் வருகிறது, நான் வரியே கட்டுவதில்லை, அப்புறம் எதைக் குறைப்பது?" என்று கேட்பவர்கள் உண்டு. ரீஃபண்ட் வருவதும் வரி இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. ஆண்டுக்கான வரி 6,000 டாலர், சம்பளத்தில் பிடித்தது 7,000 டாலர் என்றால் ரீஃபண்ட் 1,000. இதில் 2,000 டாலர் கிரெடிட் சேர்ந்தால் வரி 4,000 ஆகிறது, ரீஃபண்ட் 3,000 ஆகிறது. பார்க்க வேண்டியது ஆண்டு வரிக் கணக்குப் படிவமான 1040-இல் வரும் வரித் தொகையை. கடைசியில் வரும் ரீஃபண்டைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது.

வீட்டுக்காரர்களின் இரண்டு கிரெடிட்டுகள்

வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து இவற்றை 25சி, 25டி என்பார்கள். இரண்டும் ஒரே படிவத்தில், அதாவது 5695-இல், கேட்கப்படுபவை. இரண்டும் 30 விழுக்காடு. இரண்டும் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தவை. அதனாலேயே இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். உள்ளே போனால் இரண்டும் நேரெதிர்.

25சி என்பது ஏற்கெனவே இருக்கும் வீட்டைச் செம்மைப்படுத்துவதற்கு: ஜன்னல், வெளிக்கதவு, இன்சுலேஷன், வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உதவும் ஹீட் பம்ப் போன்றவை. புதிதாகக் கட்டும் வீட்டுக்குக் கிடையாது. முழுக்க வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் உரிமையாளருக்கும் கிடையாது. இதில் உச்சவரம்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஜன்னல்கள் எல்லாம் சேர்த்து 600 டாலர். வெளிக்கதவு ஒன்றுக்கு 250, எல்லாக் கதவுகளுக்குமாக 500. சென்ட்ரல் ஏசி, கேஸ் ஃபர்னஸ் போன்றவற்றுக்குத் தலா 600. வீட்டு எரிசக்தித் தணிக்கைக்கு 150. இவை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 1,200 டாலரைத் தாண்டக்கூடாது. ஹீட் பம்பும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரும் தனிக் கணக்கு, அவற்றுக்கு 2,000. ஆக ஓர் ஆண்டில் அதிகபட்சம் 3,200. "ஜன்னலுக்கு 30 விழுக்காடு" என்று விற்பனையாள் சொன்னது பொய்யில்லை. ஆனால் 4,000 டாலர் ஜன்னலுக்கு 1,200 வராது, 600-இல் நின்றுவிடும்.

கூலி விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஹீட் பம்ப், ஏசி, வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றைப் பொருத்திய கூலியைச் செலவில் சேர்க்கலாம். ஜன்னல், கதவு, இன்சுலேஷன் பொருத்திய கூலியைச் சேர்க்கக்கூடாது; பொருளின் விலை மட்டும்தான். ஒப்பந்தக்காரர் இரண்டையும் ஒரே வரியில் போட்டு பில் கொடுத்திருந்தால், பொருள் தனி, கூலி தனி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கடை மூடிப் போவதற்குள் கேட்பது நல்லது. சின்ன ஒப்பந்தக்காரர்கள் இரண்டு வருடம் கழித்து அதே தொலைபேசி எண்ணில் இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2025-இல் பொருத்திய ஜன்னல், கதவு, ஹீட் பம்ப் போன்றவற்றுக்கு இன்னொரு தேவையும் வந்தது. தயாரிப்பாளர் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸில் பதிவுசெய்து பெற்ற நான்கெழுத்து அடையாளக் குறியைப் படிவத்தில் எழுத வேண்டும். தயாரிப்பாளரின் இணையதளத்திலோ, பொருளோடு வந்த சான்றிதழிலோ அது இருக்கும். இன்சுலேஷனுக்கு இந்தக் குறி தேவையில்லை. குறி கேட்கும் பொருளுக்கு அதை எழுதாமல் விட்டால், செலவு உண்மையாகவே இருந்தாலும் கிரெடிட் நிற்காது.

25டி தாராளமானது. சோலார் பேனல், சோலார் வாட்டர் ஹீட்டர், நிலவெப்ப ஹீட் பம்ப், சிறு காற்றாலை, குறைந்தது 3 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஆகியவற்றுக்கு மொத்தச் செலவில் 30 விழுக்காடு, உச்சவரம்பு கிடையாது. எரிகலனுக்கு (ஃபியூயல் செல்) மட்டும் தனி வரம்பு உண்டு. கூலி, வயரிங், விற்பனை வரி எல்லாம் சேரும். புதுவீட்டுக்கும் உண்டு, நாமும் தங்கும் இரண்டாவது வீட்டுக்கும் உண்டு. ஆனால் வீடு அமெரிக்காவில் இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு டல்லாஸ் சம்பளத்தில் சோலார் போட்டுக் கொடுத்தால் அது புண்ணியக் கணக்கில் சேரும், படிவம் 5695-இல் சேராது. அங்கே பொருந்துவது இந்திய அரசின் பி.எம். சூர்ய கர் மானியம். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய், வங்கிக் கணக்குக்கே வரும். அது மானியம், வரியோடு அதற்குத் தொடர்பில்லை.

25சி-க்கும் 25டி-க்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு, பயன்படாமல் மிஞ்சிய தொகைக்கு என்ன ஆகிறது என்பது. 2025-இல் 9,000 டாலருக்கு ஹீட் பம்ப் போட்டவருக்கு 30 விழுக்காடு 2,700, உச்சவரம்பு 2,000, அவருடைய ஆண்டு வரி 1,500 மட்டும் என்றால் கிடைப்பது 1,500. மீதி 500 போயே போயிற்று. 25டி அப்படியில்லை. 28,000 டாலர் சோலாருக்கு 8,400 டாலர் கிரெடிட். ஆண்டு வரி 6,000 என்றால் இந்த ஆண்டு 6,000, மீதி 2,400 அடுத்த ஆண்டுக்கு நகரும். புதிய சோலாருக்குக் கதவு மூடினாலும், 2025-க்குள் பொருத்தி முடித்த சோலாரின் மிச்சத் தொகையை 2026 கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு ஒரே நிபந்தனை, ஆண்டுதோறும் படிவம் 5695-ஐ மறக்காமல் இணைக்க வேண்டும். கணக்காளரை மாற்றுபவர்கள் பழைய ஆண்டின் 5695-ஐப் புதியவர் கையில் கொடுக்காமல் விட்டு, இந்த மிச்சத்தை அப்படியே தொலைத்துவிடுகிறார்கள்.

'பொருத்தி முடிப்பது' என்றால் எந்த நாள்? 2022 ஆகஸ்ட் 16-இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின்படி சோலார் கிரெடிட் 2032 வரை 30 விழுக்காட்டில் ஓடி, 2033-இல் 26, 2034-இல் 22 என்று இறங்கி நிற்க வேண்டியது. அதை 2025-க்கு இழுத்ததால் கடைசி மாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். பேனல் டிசம்பரில் ஏறி, மின் நிறுவனத்தின் இயக்க அனுமதிக் கடிதம் ஜனவரியில் வந்த வீடுகள் இருக்கும். சட்டத்தில் இருக்கும் சொல், பொருத்தும் வேலை நிறைவடைவது. மின் நிறுவன அனுமதி பற்றி அந்த வரியில் பேச்சில்லை. அதற்காக அசட்டையாக இருக்க முடியாது. டிசம்பருக்குள் வேலை முடிந்ததைக் காட்டும் இறுதி பில், நகராட்சி ஆய்வாளரின் கையெழுத்திட்ட தாள், தேதி பதிந்த புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தமும் காசோலை நகலும் மட்டும் கையில் இருந்தால் அவை எதையும் நிரூபிக்காது.

சோலாரில் அடிக்கடி நடக்கும் இன்னும் மூன்று தவறுகள். ஒன்று, பேனலுக்கு முன்னால் முழுக் கூரையையும் மாற்றிவிட்டு அந்தச் செலவையும் சேர்ப்பது. சாதாரண ஓடும் அதன் அடிப்பலகையும் சேராது. மின்சாரம் உண்டாக்கும் சோலார் ஓடு மட்டும் சேரும். இரண்டு, மின் நிறுவனம் சோலார் வாங்குவதற்காகத் தந்த மானியத்தைச் செலவிலிருந்து கழிக்காமல் விடுவது. 28,000 டாலரில் 2,000 மானியம் என்றால் 26,000-க்குத்தான் 30 விழுக்காடு. மின்சாரத்தைத் திருப்பி விற்று வரும் பணத்தை இப்படிக் கழிக்க வேண்டியதில்லை. மூன்று, லீஸ். பேனல் நிறுவனத்துடையது, நீங்கள் மாதக் கட்டணம் கட்டுகிறீர்கள் என்றால் கிரெடிட் ஒருபோதும் உங்களுடையதாக இருந்ததில்லை. 2026-இலும் "கூட்டரசு கிரெடிட் இன்னும் இருக்கிறது" என்று சொல்லி வாசலில் நிற்பவர் பேசுவது அநேகமாக இந்த லீஸைப் பற்றித்தான். நிறுவனங்களுக்கான கிரெடிட் வேறு பிரிவில் இருக்கிறது, அதன் கெடுவும் வேறு: 2026 ஜூலை 4-க்குள் கட்டுமானம் தொடங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் 2027 முடிவதற்குள் பயன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். அந்தப் பலனில் எவ்வளவு மாதக் கட்டணக் குறைவாக உங்களுக்கு வருகிறது என்பதை ஒப்பந்தத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்லும் வாயை நம்பிப் பயனில்லை.

ஆள் எடுப்பவருக்கான கிரெடிட்

வேலை வாய்ப்பு டாக்ஸ் கிரெடிட் 1996-இல் வந்தது. வேலை கிடைக்கச் சிரமப்படும் பத்து வகையினரில் ஒருவரை எடுத்தால் முதலாளிக்கு வரிக் குறைப்பு. முன்னாள் படைவீரர்கள், உணவு உதவி பெறும் குடும்பத்தைச் சேர்ந்த 18 முதல் 39 வயதுக்குட்பட்டவர்கள், சிறையிலிருந்து வந்து ஓராண்டுக்குள் இருப்பவர்கள், 27 வாரம் அல்லது அதற்கு மேல் வேலையில்லாமல் இருந்து அந்தக் காலத்தில் வேலையின்மைப் படி பெற்றவர்கள் ஆகியோர் இதில் அடக்கம். உணவகம், மளிகைக் கடை, மோட்டல், பெட்ரோல் நிலையம் நடத்துவோருக்கு மிகவும் பொருந்தும் சலுகை இது. சின்னக் கடைக்காரர்கள் பெரும்பாலும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கணக்கு எளிது. முதல் ஆண்டில் முதல் 6,000 டாலர் சம்பளத்தில் 40 விழுக்காடு, அதாவது 2,400 டாலர். அதற்கு ஆள் குறைந்தது 400 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். 120-இலிருந்து 400-க்குள் என்றால் 25 விழுக்காடுதான். 120-க்குக் கீழே ஒன்றுமில்லை. மணிக்கு 15 டாலர் வாங்குபவர் 400 மணி நேரம் செய்தால் சம்பளம் சரியாக 6,000, கிரெடிட் 2,400. அவரே 399 மணி நேரத்தில் நின்றுவிட்டால் சம்பளம் 5,985; கிரெடிட் 1,496. ஒரு மணி நேரத்துக்குத் தொள்ளாயிரம் டாலர் வித்தியாசம். சில படைவீரர் வகைகளுக்கு 24,000 டாலர் சம்பளம் வரை கணக்கில் வரும். அங்கே உச்சம் 9,600. நெருங்கிய உறவினரை எடுத்தாலோ, முன்பு உங்களிடமே வேலை பார்த்தவரைத் திரும்ப எடுத்தாலோ கிடையாது. கிரெடிட்டாகக் கேட்ட தொகையைச் சம்பளச் செலவிலிருந்து குறைத்துக் காட்டவும் வேண்டும். ஒரே டாலருக்கு இரண்டு பலன் இல்லை.

தோற்கும் இடம் காகிதம். படிவம் 8850-இன் முதல் பக்கத்தை, வேலை தருகிறேன் என்று சொல்லும் நாளிலோ அதற்கு முன்போ விண்ணப்பதாரர் நிரப்பியிருக்க வேண்டும். ஆள் வேலையைத் தொடங்கிய 28 நாட்களுக்குள் அந்தப் படிவத்தை மாநிலத் தொழிலாளர் முகமைக்கு அனுப்பிவிட வேண்டும். கூடவே படிவம் 9061 அல்லது 9062. முகமை சான்று தந்த பிறகுதான் வரிப் படிவம் 5884-இல் கேட்க முடியும். 29-ஆம் நாள் அனுப்பினால், ஆள் எவ்வளவு தகுதியானவராக இருந்தாலும், அந்தப் படிவம் மறுக்கப்படும். ஆண்டு முடிவில் கணக்காளர் "இந்த ஆள் தகுதியானவர் போலிருக்கிறதே" என்று கண்டுபிடிப்பது இங்கே உதவாது. அதனால் வேலை விண்ணப்பத்தோடு 8850-ஐயும் சேர்த்தே எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் நீட்டிவிடுவதுதான் நடைமுறையில் சரிப்படும் வழி.

இதன் கெடுவும் 2025 டிசம்பர் 31. வினைச்சொல்: வேலையைத் தொடங்குவது. 2025 டிசம்பர் 15-இல் சேர்ந்தவருக்கு முதல் ஆண்டு 2026 டிசம்பர் 14 வரை ஓடும். அதுவரை அவர் போடும் மணி நேரமும் வாங்கும் சம்பளமும் கணக்கில் சேரும். கெடு தீர்ந்த சலுகை என்று நினைத்து 2026-இல் அவருடைய மணிக்கணக்கை எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

2026-இல் சேர்ந்தவர்கள் விஷயத்தில் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தக் கிரெடிட் செத்துப் பிழைப்பதில் கைதேர்ந்தது. 2011 முடிவில் காலாவதியாகி 2013 ஜனவரியில் உயிர் பெற்றது. 2013 முடிவில் காலாவதியாகி 2014 டிசம்பரில் உயிர் பெற்றது. 2014 முடிவில் மறுபடி, 2015 டிசம்பரில் மறுபடி. ஒவ்வொரு முறையும் இடைவெளியில் சேர்ந்தவர்களுக்கும் சேர்த்தே பின்தேதியிட்டு நீட்டினார்கள். ஆகவே நீட்டிப்பு இல்லாத காலத்திலும் 8850-ஐ 28 நாட்களுக்குள் அனுப்பி வைப்பதே அனுபவமுள்ளவர்களின் பழக்கம். அனுப்புவதற்குக் காசு இல்லை. ஆனால் வரும் என்று நம்பி அந்தப் பணத்தை இந்த ஆண்டு வரவுசெலவில் எழுதிவிடக் கூடாது. வீட்டுக்காரர்களின் 25சி-க்கு நேர்ந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள்: 2007 முடிவில் நின்ற அது 2009-இல் திரும்பியபோது, இடைப்பட்ட 2008 அப்படியே விடுபட்டுப் போயிற்று. பின்தேதியிடுவது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வழக்கம்தான், கடமை அல்ல.

முதலாளிகளுக்கு எல்லாமே மூடிவிடவில்லை. சம்பளத்துடன் குடும்ப விடுப்பு, மருத்துவ விடுப்பு தருவோருக்கான கிரெடிட்டை 2025 சட்டம் நிரந்தரமாக்கியது. பணியாளர் பிள்ளைகளின் காப்பகத்துக்குச் செலவிடுவோருக்கு 25 விழுக்காடாக இருந்ததை 2026 முதல் 40 ஆக்கியது. சிறு தொழில்களுக்கு 50. உச்சவரம்பும் 1,50,000 டாலரிலிருந்து 5,00,000-க்கு, சிறு தொழில்களுக்கு 6,00,000-க்கு ஏறியது.

2026 ஜூன் 30 என்ற இன்னொரு தேதி

மூன்று கிரெடிட்டுகளுக்கு இந்தத் தேதி, மூன்றுக்கும் மூன்று வினைச்சொல். வீட்டில் மின்சாரக் கார் சார்ஜர்: அந்த நாளுக்குள் பயன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும், 30 விழுக்காடு, உச்சம் 1,000 டாலர். ஆனால் உங்கள் வீடு இருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பகுதி குறைந்த வருமானப் பகுதியாகவோ நகர்ப்புறம் அல்லாததாகவோ இருக்க வேண்டும். வசதியான புறநகர்கள் பல இதில் அடிபட்டுப் போகும். எரிசக்தி சிக்கனமான புதுவீடு கட்டி விற்பவர்: வீட்டுக்கு 2,500 அல்லது 5,000 டாலர்; அந்த நாளுக்குள் வீடு இன்னொருவர் கைக்குப் போயிருக்க வேண்டும், கட்டி முடித்துப் பூட்டி வைத்திருந்தால் போதாது. வணிகக் கட்டடங்களின் எரிசக்திச் செலவுக்கான சலுகை, சரியாகச் சொன்னால் இது கிரெடிட் அல்ல, கழிவு: அந்த நாளுக்குள் கட்டுமானம் தொடங்கியிருந்தாலே போதும்.

கேட்க மறந்தவர்களுக்கு

செலவு செய்வதற்கான கெடுவும், அதைக் கேட்பதற்கான கெடுவும் ஒன்றல்ல. 2025 வரிக் கணக்கின் தேதி 2026 ஏப்ரல் 15. நீட்டிப்பு வாங்கினால் அக்டோபர் 15. அதற்குப் பிறகும் படிவம் 1040-எக்ஸ் மூலம் திருத்திய கணக்கு கொடுக்கலாம். பொதுவாகக் கணக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். முன்கூட்டியே கொடுத்திருந்தால் கெடு நாளில் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். 2023-இல் ஹீட் பம்ப் மாற்றி, படிவம் 5695 என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்தவர், 2024 ஏப்ரல் 15-க்குள் கணக்குக் கொடுத்திருந்தால் 2027 ஏப்ரல் 15 வரை திருத்தலாம். அந்த ஆண்டின் படிவத்தையே பயன்படுத்த வேண்டும். 2025-இன் படிவத்தில் 2023 செலவை எழுதக்கூடாது. அந்த ஆண்டுப் படிவம் தயாரிப்பாளர் குறியைக் கேட்காது என்பதால் பழைய பில் ஒன்றே பெரும்பாலும் போதும். தேடிப் பார்க்க வேண்டிய இடம், வீடு மாறியபோது கட்டிய அட்டைப்பெட்டி அல்லது ஒப்பந்தக்காரர் அனுப்பிய பழைய மின்னஞ்சல்.